கேள்வி-பதில்: இந்த வாரம் முழுக்க லால்குடி ஜெயராமன்

சென்ற இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, "பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்பதுகூட லால்குடி ஜெயராமனுக்குத் தெரியும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. எனவே இந்த வாரம் அந்தக் கர்நாடக வயலின் மேதையும் வயலினும் மட்டும்தான். அரசியல், சமையல் கேள்வி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வாரம் வந்துவிடுகிறேன்.

என் மகள் இரண்டு வருடமாக வயலின் கற்றுக்கொள்கிறாள். "லால்குடியைக் கேட்டுக்கொண்டே இரு" என்கிறார் வாத்தியார். யூடியூபில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. எங்கே தொடங்குவது? (ஒரு வாசகி, மன்னார்குடி)

எல்லோரும் தனிக் கச்சேரியில், அதுவும் தில்லானாவில் தொடங்கச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன். அவர் மற்றவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்த 1950, 60-களின் பழைய பதிவுகளில் தொடங்குங்கள். ஒலி கரகரவென்று இருக்கும், நடுவில் யாராவது இருமுவார்கள், இருக்கட்டும். மதுரை மணி ஐயர் கச்சேரி ஒன்று, ஜி.என்.பி. (ஜி.என்.பாலசுப்ரமணியம்) கச்சேரி ஒன்று, இரண்டையும் அடுத்தடுத்து போட்டு வயலினை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் வாசிப்பது ஒரே ஆள்தானா என்று பெண் கேட்டால், பாதிப் பாடம் முடிந்தது. தனிக் கச்சேரி, வர்ணம், தில்லானா எல்லாம் அப்புறம் வரட்டும். அவற்றை முதலில் கேட்டால் விரல் வேகம்தான் காதில் விழும், குழந்தையும் அதைத்தான் காப்பியடிக்கப் பார்க்கும்.

பக்கவாத்தியம் என்றால் பாடகர் பாடியதைத் திருப்பி வாசிப்பதுதானே? அதில் என்ன ஐயா பெரிய மேதைமை? (ஒரு வாசகர், விருதுநகர்)

கச்சேரிக்கு ஒத்திகை கிடையாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். பாடகர் இன்று என்ன ராகம் விஸ்தாரமாகப் பாடுவார், பல்லவி எந்தத் தாளம், ஸ்வரத்துக்கு எந்த இடத்தை எடுப்பார் என்பதெல்லாம் பெரும்பாலும் மேடையில்தான் தெரியவரும். அவர் 'ஆ' என்று ஒரு பிடி பிடித்ததும் ராகம் என்ன என்று வில் தெரிந்துகொண்டாக வேண்டும். ஆலாபனையின்போது குரலுக்கு ஒரு நூல் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், முந்தினால் பாடகருக்கு எரிச்சல், ரொம்பப் பிந்தினால் சபைக்கு எரிச்சல். அவர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் அவர் விட்ட ஸ்வரத்தை ஏந்திப் பிடிக்க வேண்டும். பிறகு தன் முறை வரும்போது, அவர் கட்டியதைக் கலைக்காமல், அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் ராகத்தின் முழு உருவத்தையும் காட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். கீர்த்தனை என்றால் அந்த வித்வானின் பாடாந்தரம், அதாவது அவர் கற்றுப் பாடும் வழி, தெரிந்திருக்க வேண்டும், ஒரே பாட்டுக்கு ஆளுக்கொரு சங்கதி இருக்கிறதே.

இதையெல்லாம் நன்றாகச் செய்தவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடையா, பாப்பா வெங்கட்ராமையா என்று பெரிய வரிசையே இருக்கிறது. லால்குடியிடம் நான் வியப்பது, எதிரெதிர் துருவங்களாக இருந்த வித்வான்கள் அத்தனை பேருக்கும் அவர் பொருந்திப் போனதை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மத்யம காலத்தில் கச்சிதமாகப் பாடி எதையும் இழுக்காமல் அடுத்த உருப்படிக்குப் போய்விடுவார், அங்கே வயலினும் சுருக்கமாக இருக்கும். ஜி.என்.பி.யின் தொண்டையில் பிருகாக்கள், அதாவது வேகமான ஸ்வரச் சுழல்கள், கொட்டும், அதே ரவை வில்லிலும் கொட்டும். செம்மங்குடி குரலோடு மல்லுக்கட்டிக்கொண்டு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுவார், அந்தப் போராட்டத்துக்கு அடியில் வயலின் ஓர் அணைப்பாக நிற்கும். மதுரை மணி ஐயர் கணக்கைப் பற்றிக் கவலையே படாத மாதிரி ஸர்வலகுவாக, தாளத்தோடு இயல்பாக ஓடும்படி, ஸ்வரத்தை உருட்டிவிடுவார், இங்கேயும் அதே உல்லாசம். ஆலத்தூர் சகோதரர்கள் பல்லவியில் லயக் கணக்காக அடுக்கினால் அதற்கு ஈடான பதில் உடனே வரும். புல்லாங்குழல் மாலியோ, எந்த நேரத்தில் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாத ஆள், அவருக்கும் வாசித்திருக்கிறார்.

இத்தனை பேருக்கும் பொருந்துகிறவருக்கு சொந்த முகமே இருக்காதே என்று தோன்றும். ஆனால் ரேடியோவில் இரண்டு விநாடி கேட்டாலே "இது லால்குடி" என்று சொல்லிவிடலாம். விருதுநகர்க்காரரே, என் கணக்கில் மேதைமை அங்கேதான் இருக்கிறது.

அவர் தியாகராஜரின் சீட பரம்பரை என்று எங்கள் வீட்டுப் பெரியவர் சொல்கிறார். பெரியவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை ஒட்டிவிடுவார்களே? (ஒரு வாசகர், திருச்சி)

ஒட்டுவார்கள்தான், ஆனால் இது ஒட்டுக்கதை இல்லை. தியாகராஜரின் நேர்ச் சீடர்களில் ஒருவரான லால்குடி ராமையரின் வழிவந்த குடும்பம். தியாகராஜர் லால்குடிக்கு வந்து அந்த ஊர் சப்தரிஷீஸ்வரர் கோயில் சுவாமி மீதும் அம்பாள் மீதும் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். தோடி, கல்யாணி, காம்போஜி, பைரவி, மத்யமாவதி என்று ஐந்தும் கனமான ராகங்கள். லால்குடி பஞ்சரத்னம் என்று பெயர். திருவையாற்று ஆராதனையில் கும்பலாகப் பாடும் பஞ்சரத்னம் வேறு, இது வேறு. நீங்கள் திருச்சியில்தானே இருக்கிறீர்கள், லால்குடி பக்கம்தான். ஒரு நாள் சாயங்காலம் போய், அந்தக் கோயிலில் உட்கார்ந்து 'மஹித ப்ரவ்ருத்த' காம்போஜியை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

ஜெயராமன் பிறந்தது லால்குடியை அடுத்த இடையாற்றுமங்கலத்தில், 1930 செப்டம்பர் 17. குரு அப்பா வி.ஆர்.கோபாலய்யரேதான். வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர்தான் ஆசான். பன்னிரண்டு வயதில் ஜெயராமன் பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறிவிட்டார். குடும்பத்தில் சங்கீதம் அவரோடு நிற்கவில்லை. சகோதரி ஸ்ரீமதி பிரம்மானந்தம் அவரோடு சேர்ந்து வயலின் வாசித்தார், இன்னொரு சகோதரி பத்மாவதி அனந்தகோபாலன் வீணை. மகன் ஜி.ஜே.ஆர்.கிருஷ்ணன், மகள் விஜயலக்ஷ்மி இருவரும் வயலின். இன்று வீணையில் பெயர் பெற்ற ஜெயந்தி குமரேஷுக்கு இவர் தாய்மாமன்.

டொரண்டோவில் என் பையன் மேற்கத்திய வயலின் கற்கிறான். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்து, "தப்பாகப் பிடித்திருக்கிறார்கள்" என்கிறான். என்ன பதில் சொல்வது? (ஒரு வாசகர், கனடா)

பையனிடம் ஒரு கமகத்தை, தோடியில் ஒரே ஒரு காந்தாரத்தை நம்மவர்கள் வாசிக்கிற மாதிரி அசைத்து வாசிக்கச் சொல்லுங்கள், பதில் தானாகக் கிடைக்கும். நின்றுகொண்டு வாசித்தால் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்குகிற வேலையும் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது. நம்மவர்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பக்கத்தை வலது கால் பாதத்தின் மேல் வைத்து, அடிப்பக்கத்தை மார்பிலோ தோளிலோ சாய்த்துக்கொள்கிறார்கள். வாத்தியத்தின் எடையைக் கால் வாங்கிக்கொள்கிறது. இடது கை தந்தியில் மேலும் கீழும் தங்குதடை இல்லாமல் வழுக்கிப் போகலாம். ஜாரு என்கிற வழுக்கல், அசைவு இரண்டுக்கும் இது வேண்டும்.

சுருதி கூட்டுவதும் வேறு. அங்கே நாலு தந்தியும் ஒன்றுக்கொன்று ஐந்து ஸ்வர இடைவெளியில் நிரந்தரமாக இருக்கும். இங்கே ச-ப-ச-ப. அந்த 'ச' எங்கே என்பது பாடகரைப் பொறுத்தது. ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு), பெண் குரலுக்கு நாலரை, ஐந்து என்று மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு நூற்றாண்டுக்கு முன் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தை ஐரோப்பியரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அப்போதே அது நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. பையன் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கேள்வியின் பதிலைக் காட்டுங்கள்.

மெனுஹின் தன் வயலினையே கழற்றிக் கொடுத்தார் என்கிறார்களே, நிஜமா? (ஒரு வாசகர், சேலம்)

மேடையில் கையிலிருந்ததைக் கழற்றி மாலை மாதிரி போட்டதாகவெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிடுங்கள். 1965-ல் எடின்பரோ விழாவில் லால்குடி வாசித்ததைக் கேட்டு யெஹூதி மெனுஹின் மிகவும் கவரப்பட்டு, அவருக்கு ஓர் இத்தாலிய வயலினைப் பரிசாகக் கொடுத்தார். நடந்தது இது, இதுவே போதாதா? மேற்கத்திய வயலினின் உச்சியில் இருந்த மனிதர் தரையில் உட்கார்ந்து வாசித்தவருக்குக் கொடுத்தது. டொரண்டோ பையனுக்கு இதைச் சொல்லலாம்.

வயலின், வேணு, வீணை என்று மூன்றையும் சேர்த்து அவர் ஏன் கச்சேரி செய்தார்? பக்கவாத்தியமாகவே எவ்வளவு நாள் இருப்பது என்ற ஆதங்கமா? (ஒரு வாசகி, கோவை)

ஆதங்கம் இல்லை என்று சொல்ல முடியாது. கச்சேரி போஸ்டரில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில், வயலின்காரர் பெயர் அதற்கு அடியில் பொடியாக. சம்பாவனையும் அந்த எழுத்தின் அளவுக்கு ஏற்ற மாதிரிதான் அன்றைய வழக்கம். இவ்வளவு திறமை உள்ள எவருக்கும் அது உறுத்தும்.

ஆனால் 1966-ல் என்.ரமணியின் குழலையும் திருவனந்தபுரம் ஆர்.வெங்கட்ராமனின் வீணையையும் பக்கத்தில் உட்கார வைத்ததற்குப் பின்னால் நல்ல காது இருந்திருக்கிறது. வீணையில் மீட்டிய நாதம் சில நொடிகளில் தேய்ந்துவிடும். குழல் மூச்சுக்குக் கட்டுப்பட்டது, எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். வில் ஓடும் வரை வயலின் நிற்காது. எனவே வீணை ஒரு பிடியை மீட்டி விட்டதும் அது தேயும் இடத்தில் குழல் எடுத்துக்கொள்ள, குழல் மூச்சு வாங்கும்போது வயலின் அதைத் தாங்க, மூன்று வாத்தியத்தின் குறையும் மற்ற இரண்டால் மூடப்பட்டுவிடுகிறது. பக்கவாத்தியக்காரர் ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும். அடுத்தவர் எங்கே நிறுத்துவார், அங்கே என்ன வேண்டும் என்பதுதானே அத்தனை வருடமும் அவர் பார்த்துவந்த வேலை. முன்வரிசைக்கு வந்தபோதும் அதை விடவில்லை. ரமணியும் சாதாரணப்பட்டவர் இல்லை, மாலியின் சிஷ்யர். மூவரும் சேர்ந்து வாசித்த பதிவு கிடைத்தால் கேளுங்கள், அதில் மூவரும் ஆலாபனையைப் பங்கு பிரித்துக்கொள்ளும் இடம் ரொம்ப அழகு.

அவர் வயலின் "பாடும்" என்று எல்லா விமரிசகர்களும் எழுதுகிறார்கள். வெறும் புகழ்ச்சி வார்த்தைதானே? (ஒரு வாசகர், புதுச்சேரி)

தேய்ந்துபோன புகழ்ச்சிதான், ஆனால் இவர் விஷயத்தில் அதற்குச் செய்முறை விளக்கமே கொடுக்கலாம். வில்லை எங்கே திருப்புகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். 'எந்தரோ மஹானுபாவுலு' என்று வாசிக்கும்போது வில் கண்ட இடத்தில் திரும்பினால், கேட்பவர் காதில் 'எந்தரோம ஹானு பாவுலு' என்று வார்த்தை உடைந்து விழும். வார்த்தை தெரியாதவருக்குக்கூட ஏதோ இடறுகிற மாதிரி இருக்கும். லால்குடியின் வில் சாகித்யத்தின் அட்சரத்தோடு திரும்பும், வார்த்தைக்கு நடுவில் வெட்டாது. மெல்லினத்துக்கு அழுத்தம் குறையும், வல்லினத்தில் சின்ன ஒரு தட்டு இருக்கும். பாட்டு தெரிந்தவர்கள் கூடவே வாய்க்குள் பாடிக்கொண்டு போகலாம்.

இன்னொன்று, நாதத்தின் மென்மை. இதில் என் சொந்த அபிப்பிராயம் கொஞ்சம் கலந்திருக்கிறது. சௌடையா ஏழு தந்தி வயலின் அமைத்துக்கொண்டதற்குக் காரணம், மைக் இல்லாத பந்தலில் கடைசி ஆள் வரைக்கும் சத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். லால்குடி வளர்ந்தது மைக் வந்துவிட்ட காலத்தில். சத்தத்துக்காகத் தந்தியை அழுத்தித் தேய்க்க வேண்டிய கட்டாயம் போயிற்று. கிசுகிசுப்பாகக்கூட வாசிக்கலாம் என்ற வசதியை அவர் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார். இன்றைக்கு அதே மைக்கை வைத்துக்கொண்டு சில சபாக்களில் காதைக் கிழிக்கிறார்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.

பாட்டுக்காரர்களே அவரிடம் வந்து பாட்டுக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பே ஜெயஸ்ரீ, விசாகா ஹரி, சாகேதராமன் மூவரும் பாடகர்கள், மூவரும் அவரிடம் பயின்றவர்கள். வயலின் வித்வானிடம் வாய்ப்பாட்டு கற்க இத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்றால் விமரிசகர்கள் எழுதியது சும்மா இல்லை.

நான் நடன ஆசிரியை. எங்கள் வகுப்பில் பாதி தில்லானா லால்குடியுடையது. நடனத்துக்கு இவருக்கு என்ன சம்பந்தம்? (ஒரு வாசகி, கொழும்பு)

உங்கள் சலங்கைக்குத் தெரிந்திருக்குமே! தில்லானாவில் ஜதி, ஸ்வரம், கடைசியில் இரண்டு வரி சாகித்யம், அவ்வளவுதான் சரக்கு. வெறும் கணக்காகப் போட்டால் ஆட முடியும், கேட்க முடியாது. வெறும் மெட்டாகப் போட்டால் கேட்கலாம், ஆடுவதற்கு ஒன்றும் இருக்காது. இவருடைய தில்லானாக்களில் கணக்கு கடினமாக இருந்தாலும் காதுக்கு அது உறைக்காது. மோகனகல்யாணி, ரேவதி, தேஷ், பெஹாக், த்விஜாவந்தி, வஸந்தா என்று ராகத் தேர்வும் சபையை உடனே இழுக்கிற மாதிரி. வடக்கத்தி வாசனை உள்ள ராகங்களில் அவருக்கு ஒரு சபலம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

நீங்கள் தில்லானாவோடு நிறுத்திவிடாதீர்கள். சாருகேசியில் 'இன்னும் என் மனம்' பதவர்ணத்தை எடுத்துப் பாருங்கள், அபிநயத்துக்கு அத்தனை இடம் கொடுக்கும். 'அங்கயற்கண்ணி' என்று தொடங்கும் நவரச வர்ணம் இருக்கிறது, மதுரை மீனாட்சியின் கதைக்குள் ஒன்பது ரசம், ராகமாலிகை. மூத்த மாணவிக்கு மட்டும் கொடுங்கள், சின்னதுகள் திணறிவிடும். வலஜி வர்ணத்தைப் பாட்டுக்காரர்கள் கச்சேரியின் தொடக்கத்தில் பாடிப் பாடி, அது ஏதோ பழங்காலத்து உருப்படி என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவருக்கு ஏன் சங்கீத கலாநிதி இல்லை? (ஐந்தாறு பேர்)

சென்னை மியூசிக் அகாடமி தரும் பட்டம் அது, அந்தப் பட்டியலில் வயலின்காரர்கள் உண்டு. துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1941), ராஜமாணிக்கம் பிள்ளை (1948), சௌடையா (1957), இவருடைய சமகாலத்தவர் டி.என்.கிருஷ்ணன் (1980). லால்குடி பெயர் மட்டும் இல்லை. பத்மஸ்ரீ 1972-ல் வந்தது, சங்கீத நாடக அகாடமி விருது 1979-ல், பத்மபூஷண் 2001-ல். காரணம் என்று நாலு கதை டிசம்பர் சங்கீத சீசனில் சபா கேன்டீன்களில் உலவும், எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. பட்டியலைப் பார்க்கும்போது ஓட்டை ஒன்று தெரிகிறது, அது பட்டியலின் ஓட்டை.

லால்குடி, டி.என்.கிருஷ்ணன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன். மூவரில் யார் உசத்தி? நழுவாமல் சொல்லவும். (ஒரு வாசகர், மதுரை)

நழுவவில்லை. நெஞ்சு நிறைய ஒரு நீள வில் கேட்க வேண்டுமா, கிருஷ்ணன். "மனுஷ விரலால் இது முடியுமா" என்று வாய் பிளக்க வேண்டுமா, பரூர் பாணி எம்.எஸ்.ஜி., ஹிந்துஸ்தானியும் கைவந்தவர். ஒருவர் பாட இன்னொருவர் எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, லால்குடி. எனக்கு அந்த மூன்றாவதுதான் வேண்டும், அதனால் என் ஓட்டு அவருக்கு. எம்.எஸ்.ஜி. 2013 ஜனவரியிலும் லால்குடி அதே வருடம் ஏப்ரல் 22-லும் காலமானார்கள். 2020-ல் கிருஷ்ணனும் போய்விட்டார்.

சினிமாவுக்கு இசையமைத்திருக்கிறாரா? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

'சிருங்காரம்' என்ற தமிழ்ப் படம், சாரதா ராமநாதன் இயக்கியது, தேவதாசிப் பெண் ஒருத்தியின் கதை. அதற்கு 2005-ம் ஆண்டுக்கான சிறந்த இசையமைப்பாளர் தேசிய விருது இவருக்குக் கிடைத்தது. அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கதை நடக்கிற காலத்துச் சங்கீதத்தை விட்டு இம்மிகூட விலகாத இசை. பாட்டைத் தனியாகக் கேட்காமல் படத்தோடு பாருங்கள், கிடைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.